மூன்று தரம் கூப்பிட்டும் வராதவர்

தொழிலாளர் தீர்ப்பாயத்தில் அவருக்கு வேலை கூப்பிடுவது. நீதிபதி வந்து உட்கார்ந்ததும் பெஞ்ச் கிளார்க் வழக்குக் கட்டைப் பிரித்து ஒரு எண்ணைச் சொல்வார். இவர் நடைக்கூடத்துக்குப் போய் அந்த வழக்குக்காரரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது தரத்துக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே வந்து, “யாரும் வரலைங்க ஐயா” என்று சொல்ல வேண்டும். நீதிபதி பேனாவை எடுத்துத் ‘தள்ளுபடி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டைப் பார்ப்பார். இருபது வருடம் உழைத்த ஒருவனுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது சில நாள் இந்த மூன்று கூப்பாட்டுக்கும் அவன் ஏறிய பஸ்ஸுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் அவருக்கு ‘மூணுதரம்’ என்று பெயர் வந்துவிட்டது. வக்கீல்கள் வைத்த பெயர். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டிலும் மகளைச் சாப்பிட மூன்று தரம்தான் கூப்பிடுவார். நாலாவது கிடையாது. “விசாரணை முடிஞ்சுது, தட்டை எடுத்து வை” என்பார். மகள் மேல்முறையீட்டுக்கு அம்மாவிடம் போவாள்.

அந்தத் தீர்ப்பாயத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு காலத்தில் சொன்னார்கள். ஒரே பெயருள்ள இரண்டு டிரைவர்கள் ஒரே நாளில் வந்தார்கள். ஒருவருடைய கூப்பாட்டுக்கு மற்றவர் எழுந்து போய், தான் செய்யாத விபத்துக்கு மன்னிப்புக் கேட்டு, வராமலிருந்த நாட்களுக்குக் காரணமும் சொல்லி, கடைசியில் வேலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது. அதற்குப் பிறகு மூணுதரம்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். முதலில் எண், அப்புறம் கதவில் ஒட்டிய பட்டியலில் இருக்கும் தொழில், அப்புறம் யார்மேல் வழக்கோ அவர்கள். “பதினெட்டு! வெல்டர் எதிர் பட்டறை!” “இருபத்தி ரெண்டு! சமையல்காரர் எதிர் ஆஸ்பத்திரி!” நடைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் அன்றைக்கு யார் யாரோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். சமையல்காரர் எழுந்து போகும்போது வெல்டர், “விடாதீங்க” என்பார்.

கூப்பிடுவதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. முதல் கூப்பாடு படிக்கட்டைப் பார்த்து. இரண்டாவது டீக்கடை இருக்கும் பக்கத்து ஜன்னலைப் பார்த்து. மூன்றாவது கழிப்பறைப் பக்கம், ஆனால் கொஞ்சம் மரியாதையாக. முதல் கூப்பாடு காதுக்கு, இரண்டாவது காலுக்கு, மூன்றாவது தலையெழுத்துக்கு என்று சொல்வார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவருக்கு எப்போதும் செருப்பு வார் கழன்றுவிடும். குனிந்து மாட்டுவார். அதற்குள் கீழே யாராவது மூச்சிரைக்க ஓடி வருகிறார்களா என்று காது கீழ்மாடியிலேயே இருக்கும். ஒரு முறை ஒரு கம்பெனி வக்கீல் எழுந்து, “ஐயா, செருப்பு மாட்ட நாலு நிமிஷம் ஆகுது, இதைப் பதிவு பண்ணணும்” என்று ஆட்சேபணை தெரிவித்தார். “வார் பழசுங்க ஐயா” என்றார் மூணுதரம். அதுவும் பதிவானது.

இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தவர் அங்கே வேலையில் இல்லை என்பதுதான் வேடிக்கை.

அதாவது, தற்காலிகம். தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்கலாம் என்று விதி இருந்ததால் எண்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் அவருடைய சீருடைக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். தொண்ணூறாவது நாள் அவர் யாரோ. தொண்ணூற்றோராவது நாள் காலையில் புது உத்தரவோடு அதே கோட்டைத் திரும்பக் கொடுப்பார்கள். அந்த நடு நாளுக்கு ஆபீசில் ‘முறிவு நாள்’ என்று பெயர். ஊரில் எந்த முதலாளி இப்படிச் செய்தாலும் அந்தத் தீர்ப்பாயமே காதைப் பிடித்துத் திருகும். “நிரந்தர வேலைக்குத் தற்காலிக ஆளை வைத்து ஏமாற்றுவதை இந்த மன்றம் அனுமதிக்காது” என்று நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அக்கா தட்டுவார். இவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பதினேழு வருடத்தில் அந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடம். கோட்டைக் கழற்றும்போது சில சமயம் வாய்க்குள் முணுமுணுப்பார்.

முதல் முறிவு நாளில் மட்டும் அவர் வீட்டில் இருந்தார். அன்றைக்குக் கூப்பிட ஆள் இல்லாமல் டைப்பிஸ்ட் அக்காவை அனுப்பினார்கள். அவர் குரல் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக்கூட எழுப்பாது. நாலு வழக்கு தள்ளுபடி. அதில் ஒருவர் லிஃப்ட் ஆப்பரேட்டர். காலை எட்டு மணியிலிருந்து கீழ்ப்படியில்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் நீதிபதி மூணுதரத்தைக் கூப்பிட்டார்.

“நேத்து எங்கய்யா போயிட்டே?”

“வேலை இல்லைன்னு சொன்னாங்க ஐயா.”

“வேலை இல்லைன்னா வராம இருந்துடுவியா?”

வெளியே வந்தால் லிஃப்ட் ஆப்பரேட்டர் நின்றுகொண்டிருந்தார். “நான் இங்கதானே இருந்தேன் அண்ணே, யாருமே கூப்பிடலையே” என்றார். அந்த வழக்கை மறுபடி உயிர்ப்பிக்க இரண்டு வருடம் ஆனது. அதற்கப்புறம் மூணுதரம் எந்த முறிவு நாளையும் வீட்டில் கழித்ததில்லை. கோட்டு இல்லாமல், சொந்தச் சட்டையோடு வந்து கடைசி பெஞ்சில் பொதுமக்களோடு உட்காருவார். பெஞ்ச் கிளார்க் எண்ணைச் சொல்லிவிட்டு மேல்கூரையைப் பார்ப்பார். இவர் எழுந்து போய்க் கூப்பிடுவார். வருகைத் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அப்படி அறுபத்தெட்டு நாள்.

இப்படியே ஓய்வு வயது வரை ஓட்டியிருப்பார். ஆனால் ஒரு நாள் ஆபீஸ் மேலாளர் நாலு வரி நோட்டீஸ் ஒட்டினார். அடுத்த மாதத்திலிருந்து நடைக்கூடத்தில் மின்சாரப் பலகை. வழக்கு எண் சிவப்பாக எரியும், மணி அடிக்கும். கூப்பிடும் பணி ரத்து. நிரந்தர ஊழியர்களுக்கு மாற்று வேலை தரப்படும். தற்காலிக ஊழியர்களைப் பற்றி ஐந்தாவது வரி எங்காவது இருக்கிறதா என்று மூணுதரம் தாளின் பின்பக்கமும் பார்த்தார். பசைதான் இருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? மூன்று நாள் யோசித்தார். நாலாவது நாள் மனு எழுதிக்கொண்டு வரவேற்பு மேசையில் நீட்டினார்.

“யாரோட மனு?” என்றார் அங்கிருந்த குமாஸ்தா, தலையைத் தூக்காமல்.

“என்னோடது.”

“எந்த நிர்வாகத்து மேல?”

மூணுதரம் குமாஸ்தா உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். “இந்த நிர்வாகத்து மேல.”

குமாஸ்தா முத்திரையைத் தன் கட்டைவிரல் மேல் குத்திக்கொண்டார். வழக்கு எண் நாற்பத்தொன்று என்று பதிவானது. அன்று முதல் ஆபீசில் அவரோடு யாரும் பேசவில்லை. பகையெல்லாம் இல்லை. என்ன பேசினால் சாட்சி ஆகிவிடுமோ என்ற பயம். டைப்பிஸ்ட் அக்கா மட்டும் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டிய மனுப் பிரதியைத் தன் டிபன் பைக்குள் வைத்து எடுத்துப்போய், எழுத்துப்பிழை திருத்திக் கொண்டுவந்து கொடுத்தார். “தம்பி, ‘பணிவன்புடன்’னு மூணு இடத்துல போட்டிருக்கே. வழக்கு போடறவன் ஒரு தரம் பணிஞ்சா போதும்” என்றார்.

நிர்வாகத்தின் மேலேயே வழக்கு என்பதால் உள்ளூர் நீதிபதி ஒதுங்கிக்கொண்டார். வெளியூரிலிருந்து ஒரு நீதிபதி அம்மா ஒரு நாள் வருவதாக ஏற்பாடு. எந்தத் தேதி வசதி என்று இவரைக் கேட்டார்கள். தற்காலிகத்துக்கு லீவு கிடையாது. வேலை நாளில் வேலையை விட்டுவிட்டுத் தன் வழக்கைப் பார்ப்பது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியது. விரல்விட்டு எண்ணிப் பார்த்து, தன் அடுத்த முறிவு நாளையே கேட்டு வாங்கினார்.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. மனைவி ஜன்னலடியில் சட்டைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி பட்டன் தைத்துக் கொடுக்கிறாள்.

“என்னங்க, நான்தான் எதிர்த்தரப்பு வக்கீல். நீங்க கூண்டுல ஏறுங்க.”

“கூண்டு எங்க இருக்கு?”

“பீரோவுக்கும் கதவுக்கும் நடுவுல.”

அவர் போய் நின்றார். மகள் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க, வேலைன்னா என்ன?” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

மூணுதரம் தொண்டையைச் செருமினார். “சட்டப்படி, ஊதியத்துக்காக ஒருத்தர் கட்டுப்பாட்டுக்குக் கீழ இன்னொருத்தர் செய்யற உடல் உழைப்பு, எழுத்துப்பணி, அல்லது…”

“அப்போ காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நான் பண்றதெல்லாம்?”

“அது சட்டத்துல வராது.”

“இந்தப் பட்டன்?”

“அது வீட்டுல வச்சு செய்யறது. நீ தொழிலாளியா இல்லையாங்கறதுல ஒரு தகராறு இருக்கு. ரெண்டு தீர்ப்பு, ரெண்டு விதமா.”

“யாருக்குத் தகராறு? எனக்கு ஒண்ணும் இல்லை. ஊசி குத்துது, ரத்தம் வருது. அதுல ரெண்டு விதம் கிடையாது.” ஒரு சட்டையை உதறி மடித்துவிட்டுச் சொன்னாள்: “வேலைன்னா என்னன்னு நான் சொல்லவா? செஞ்சா யாருக்கும் தெரியாது. செய்யலைன்னா திட்டு விழும். அதான் வேலை.”

“இதையெல்லாம் கோர்ட்டுல சொல்ல முடியாது.”

“ஏன்?”

“எந்தப் பிரிவுன்னு கேப்பாங்க.”

“சமையக்கட்டுப் பிரிவுன்னு சொல்லுங்க” என்றாள். மகள் சிரித்த சிரிப்பில் கூண்டு கலைந்தது.

மறுநாள் வெள்ளைச் சட்டையோடு போய், அவர் இதுவரை உட்காராத இடத்தில், மனுதாரர் பெஞ்சில், உட்கார்ந்தார். நிர்வாகத்தின் வக்கீல் எதிரே இருந்தார். உயரமான மனிதர், ஒவ்வொரு வாக்கியத்தையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். நீதிபதி அம்மா பதினோரு மணிக்கு வந்து அமர்ந்தார். வெளியூரிலிருந்து வந்தவரை வீணாக்க வேண்டாம் என்று அன்றைய பட்டியல் முழுவதையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பெஞ்ச் கிளார்க் முதல் கட்டைப் பிரித்தார். “முப்பத்தி மூணு” என்றார். மேல்கூரையைப் பார்த்தார்.

டைப்பிஸ்ட் அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நீதிபதி அம்மா கதவைப் பார்த்தார். வெளியே யாரோ ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணம் மூணுதரத்தின் முழங்காலைத் தூக்கியது. எழுந்து போனார். “முப்பத்தி மூணு! பெயிண்டர் எதிர் ஒப்பந்தக்காரர்!” பெயிண்டர் வந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கால் ஒரு தரம் அந்த வழியில் இறங்கிவிட்டால் அப்புறம் புத்தியை யார் கேட்கிறார்கள்? முப்பத்து நாலு, முப்பத்தாறு என்று போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாவதில் ஒரு காவலாளி மூன்றாவது கூப்பாட்டுக்குப் பாதிச் சட்டையோடு ஓடி வந்து சேர்ந்தார். ஆறாவதில் நிர்வாக வக்கீலே வேறொரு கம்பெனிக்காக நின்று, எதிராளி வராததால் தள்ளுபடி வாங்கிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்தார். மூணுதரம் நல்ல வேகத்தில் இருந்தார். நடைக்கூடத்தின் எதிரொலி அன்றைக்கு நன்றாக ஒத்துழைத்தது.

“நாற்பத்தொண்ணு” என்றார் பெஞ்ச் கிளார்க், குரலைத் தாழ்த்தி.

மூணுதரம் வெளியே போனார். படிக்கட்டைப் பார்த்து, “நாற்பத்தொண்ணு! அழைப்பாளர் எதிர் தீர்ப்பாயம்!” யாரும் வரவில்லை. ஜன்னலைப் பார்த்து இன்னொரு தரம். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். செருப்பு வார் கழன்றது. குனிந்து, மாட்டி, கீழ்மாடியைக் கவனித்தார். காலடிச் சத்தம் இல்லை. பாவம், எங்கே மாட்டிக்கொண்டானோ என்று நினைத்தார். இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகவே கொடுத்தார். கழிப்பறைப் பக்கம் மரியாதையாக மூன்றாவது கூப்பாடு. பிறகு பெருமூச்சு விட்டு உள்ளே வந்தார்.

“மூணு தரம் கூப்பிட்டாச்சும்மா. யாரும் வரலை.”

நீதிபதி அம்மா பேனாவை எடுத்தார். டைப்பிஸ்ட் அக்காவின் கை பாதியில் நின்றது. அவர் மூணுதரத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினார், உதட்டைக் கடித்தார், கடைசியில் மேசைக்கு அடியில் காலால் தரையைத் தட்டினார். மூணுதரம் ஏதோ காகிதம் விழுந்துவிட்டது போல என்று குனிந்து தேடினார். தேடும்போது, தன் வழக்குக்காகப் போட்டுவந்த வெள்ளைச் சட்டை கண்ணில் பட்டது.

“அம்மா!” என்றார். அந்தக் குரலுக்கு ஜன்னலில் இருந்த புறா பறந்தது. “அது நான்தாம்மா!”

“எது நீங்க?”

“வராதவன்.”

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை. “கூப்பிட்டது யாரு?”

“அதுவும் நான்தாம்மா.”

“உங்களைக் கூப்பிட்டு, நீங்க வரலைன்னு நீங்களே வந்து சொன்னீங்களா?”

“ஆமாம்மா. வழக்கமா நான் கூப்பிடறவங்க வெளியிலிருந்துதான் வருவாங்க. அதனால வெளியிலயே தேடிட்டேன்.”

அறை முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. மூணுதரத்துக்குக் காது சிவந்தது. பதினேழு வருடம் எத்தனையோ பேருடைய விதி இந்த இடத்தில் அறுந்ததைப் பார்த்திருக்கிறார். தன்னுடையதைத் தானே அறுத்துக்கொள்வோம் என்று நினைத்ததில்லை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? யார் தள்ளுபடி பண்ணினாங்க என்று அவள் கேட்பாளே.

நிர்வாக வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, மூன்று தரம் அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை. விதி தெளிவாக இருக்கிறது. வராததற்குச் சாட்சி மனுதாரரே. இதைவிட உறுதியான சாட்சியை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. தள்ளுபடி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

“விதிப்படி அழைக்கப்பட்டார்னு சொல்றீங்க?”

“ஐயமே இல்லை. பதினேழு வருஷமா இவர் கூப்பிட்டா அது கூப்பிட்டதுதான். இந்தக் கட்டிடத்துல இவரை மாதிரி ஒழுங்காக் கூப்பிட ஆள் கிடையாது.”

நீதிபதி அம்மா கட்டைப் புரட்டினார். “உங்க எதிருரை நாலாவது பக்கத்தைக் கொஞ்சம் படிங்க.”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “முறிவு நாட்களில் மனுதாரர் பணியில் இல்லை. அந்நாட்களில் அவர் எந்த வேலையும் செய்வதில்லை. பொதுமக்களில் ஒருவராக வந்து நடவடிக்கைகளைப் பார்வையிடுவது அவருடைய சொந்த விருப்பம்.”

“இன்னைக்கு என்ன நாள்?”

வக்கீல் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர் நாட்காட்டியைப் பார்த்தார். நாட்காட்டி யாரையும் பார்க்கவில்லை.

“முறிவு நாள்” என்றார் வக்கீல், மெதுவாக.

“அப்போ இப்ப கூப்பிட்டது யாரு?”

“பொதுமக்களில் ஒருவர்.”

“பொதுமக்களில் ஒருத்தர் போற போக்குல கத்தினதை வச்சு நான் எப்படி ஒருத்தர் வழக்கைத் தள்ளுபடி பண்ண முடியும்? அது கூப்பிட்டதே ஆகாதே. சரி, அது கூப்பிட்டதுதான்னா அவர் இன்னைக்கு வேலை பாத்திருக்கார். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. ஆறாவது வழக்குல உங்களுக்குக் கிடைச்ச தள்ளுபடியையும் நினைவுல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு கடைசி முயற்சியாக மூணுதரத்தைக் கூண்டில் ஏற்றச் சொன்னார்.

“கூப்பிடறது ஒரு வேலையா? வேலைன்னா ஏதாவது உண்டாக்கணும். தச்சர் நாற்காலி செய்யறார். நீங்க என்ன உண்டாக்கினீங்க?”

“சத்தம்.”

“அது எங்க இப்போ?”

“போயிடுச்சுங்க.”

“அப்போ மிச்சம் என்ன?”

மூணுதரம் யோசித்தார். “நீங்க பேசினதும் போயிடுச்சுங்களே ஐயா. ஆனா நீங்க பேசினதால யாராவது ஜெயிச்சிருப்பாங்க. நான் கூப்பிட்டதால யாராவது வந்திருப்பாங்க.”

நீதிபதி அம்மா இருமினார். “நான் பேசறதும் அந்தக் கணக்குலதான் வருது. மேலே கேளுங்க.”

“முறிவு நாள்ல உங்களை யாராவது வரச் சொன்னாங்களா? எழுத்துல?”

“எழுத்துல இல்லைங்க. வராத ஒரு நாளைக்குத் திட்டினாங்க.”

“அதனால?”

பிரிவு எண் இல்லாமல் பேசக் கூடாது என்று நினைத்துப் பார்த்தார். முடியவில்லை. “என் வீட்டுக்காரி ஒண்ணு சொல்லுவாங்க. செஞ்சா யாருக்கும் தெரியாதது, செய்யலைன்னா திட்டு விழறது எதுவோ, அதான் வேலைன்னு. எந்தப் பிரிவுன்னு எனக்குத் தெரியலை.”

டைப்பிஸ்ட் அக்கா அதைத் தட்டிவிட்டார். தட்டச் சொன்னார்களா என்று யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக ஒரு எழுத்துப்பிழை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறவர் அவர்.

மதியமே தீர்ப்பு. முறிவு என்பது தாளில்தான் இருந்தது, நடைக்கூடத்தில் இல்லை. மற்ற முதலாளிகளுக்கு இந்த மன்றம் சொன்னதை இந்த மன்றமும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மனுதாரர் முதல் நாளிலிருந்தே நிரந்தரம். பலகை வருவதென்றால் வரட்டும், அவருக்குச் சமமான வேலை தர வேண்டும். டைப்பிஸ்ட் அக்கா தட்டின வேகத்துக்கு மேசை அரை அடி நகர்ந்துவிட்டது.

“அடுத்தது நாற்பத்தி ரெண்டு” என்றார் பெஞ்ச் கிளார்க். மூணுதரம் கூண்டிலிருந்து நேராக நடைக்கூடத்துக்குப் போனார்.

மேலாளர் மேல்முறையீட்டுக்குப் போவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை. மூணுதரம் வேலையில் இல்லாத அறுபத்தெட்டு நாளும் யார் கூப்பிட்டார்கள் என்று மேல் கோர்ட்டில் யாராவது கேட்டு, அந்த நாட்களின் தள்ளுபடியெல்லாம் திரும்பி வந்து வரிசையில் நின்றால் உட்காரவைக்க பெஞ்சு கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“செய்தி என்ன?” என்றாள் மனைவி, வீட்டில் காலடி வைத்ததும்.

“ஜெயிச்சாச்சு. ஆனா நடுவுல நான் வரலைன்னு சொல்லிட்டேன்.”

“யார் வரலைன்னு?”

“நான்.”

அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “முழுசாச் சொல்லுங்க. மொதல்லேர்ந்து” என்றாள். மகள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தாள். நாலு தரம் சொல்ல வைத்தார்கள். அவள் சொன்னது கோர்ட்டுத் தாளில் ஏறியிருக்கிறது என்று கடைசியில்தான் சொன்னார்.

“என் பேர் போட்டாங்களா?”

“‘மனுதாரரின் மனைவி’ன்னு இருக்கு.”

“தொழில்?”

“போடலை.”

“சரிதான்” என்று மறுபடி ஊசியை எடுத்தாள். “அடுத்த வழக்குக்குத் தேதி கேட்டு வைங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவர் மறுநாள் அந்த இரண்டு விதத் தீர்ப்பையும் கேட்டு வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.

பலகை வந்தது. நடைக்கூடத்தின் கோடியில் உயரத்தில் மாட்டினார்கள். எண் சிவப்பாக எரிந்தது. மணி பஸ் கிளம்ப கண்டக்டர் அடிக்கும் மணி போலவே இருந்ததால் முதல் வாரம் இரண்டு பேர் எழுந்து பஸ் ஏறப் போய்விட்டார்கள். மூணுதரத்துக்கு என்ன வேலை தருவது என்று மேலாளர் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் பலகைக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, விசாரணை மேசை என்று எழுதி வைத்தார். வேலைக்கான விளக்கத்தில், ‘பலகையைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளக்குதல்’ என்று இருந்தது. கூப்பிடக் கூடாது என்று தனியாக ஒரு வரி. இயந்திரத்துக்கு மரியாதை வேண்டுமாம்.

புதுக் கோட்டில் முதல் நாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தேழு என்று எரிந்தது. மணி அடித்தது. பட்டியலைப் பார்த்தார். தச்சர் எதிர் மரக்கடை. எதிர் பெஞ்சில் ஒருவர் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் பென்சிலோடு, கவலையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி மறுபடி அடித்தது. மூணுதரம் வாயைத் திறந்தார். வரி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார்.

“அண்ணே, உங்க நம்பர் வந்துடுச்சு. உள்ள போங்க.”

தச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “யார் சொன்னா?”

“பலகையில வந்திருக்கு.”

“நீங்க யாரு?”

இந்தக் கேள்விக்குப் பதினேழு வருடமாக அவர் பதில் சொன்னதில்லை. கோட்டின் பித்தானை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நான் இங்க வேலை பாக்கிறவன்.”

“அப்போ கொஞ்சம் சத்தமாச் சொல்லக் கூடாதா?” என்று கடிந்துகொண்டே தச்சர் உள்ளே ஓடினார்.